எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும்

பன்னிரண்டரைக்குக் குத்தின ஊசியை நாலரைக்கு எடுக்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம்தான், ஐந்து மணிக்கு மேனேஜர் கீழே ஆபீஸ் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் ஞானதிரவியம் தன் சட்டைப் பையில் இருக்கும் கடுதாசியை மாடியிலிருந்து இறக்கி அவர் மேசையில் வைத்தாக வேண்டும். இன்றைக்கு வைத்தால் முப்பதாவது நாள் ரிலீவிங் லெட்டரை வாங்கிக்கொண்டு மறுநாள் விமானம் ஏறிவிடலாம். மஸ்கட்டிலிருந்து மனைவி ஜெசிந்தா எடுத்து அனுப்பியிருக்கும் விசாவுக்கு அந்த மறுநாள்தான் கடைசி நாள். நாளைக்கு வைத்தால் ஒரு நாள் பிந்தும். ஒரு நாள்தானே என்று விசாவிடம் போய்ப் பேச முடியுமா, அது என்ன டவுன் பஸ்ஸா, கையைக் காட்டினால் நிற்பதற்கு. கடுதாசியை எழுதிப் பதினோரு நாள் ஆகிறது. ஐயா, இன்றிலிருந்து இத்தனை நாளில் என்னைப் பணியிலிருந்து விடுவிக்கும்படி, என்கிற இடத்தில் எண்ணைப் போடாமல் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருந்தான். பதினோரு நாளில் அந்தக் கோடு அரை அங்குலம் வளர்ந்திருக்கிறது என்று அவன் யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவான். முப்பது என்று எழுத எத்தனை நேரம் ஆகும். வேலையில் சேர்ந்தபோது கொடுத்த தாளில் முப்பது நாள் என்றுதான் இருக்கிறது, சட்டமும் அதுதான், மேனேஜரும் மறுக்கப் போவதில்லை. ஆனாலும் பேனாவை எடுத்தால் விரல் நிற்கிறது. முப்பது என்றால் யாருக்கு முப்பது? மேனேஜருக்கா, மாடியில் கையை நீட்டிக்கொண்டு படுத்திருக்கும் ஏழு பேருக்கா? ஒருத்தரை விட்டுப் போவதற்கு எத்தனை நாள் முன்னால் சொன்னால் அது மரியாதை, எத்தனை நாள் பிந்திச் சொன்னால் அது துரோகம்? இதை அளந்து சொல்ல ஒரு மெஷின் கண்டுபிடித்திருந்தால் அதையும் அவன்தான் ஓட்டிக்கொண்டிருப்பான்.

இப்போதைக்கு அவன் ஓட்டுவது டயாலிசிஸ் மெஷின். ஏழு சாய்வு நாற்காலி, ஏழு மெஷின், ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள், உப்புக் காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி. சிறுநீரகம் கைவிட்ட தூத்துக்குடிக்காரர்களில் ஏழு பேர் திங்கள், புதன், வெள்ளி மத்தியானத்துக்கு அவன் சொத்து. முதல் நாற்காலி தனபாக்கியம் அக்கா. இடது முழங்கைக்குக் கீழே ரத்தக்குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்து நிற்கும், அதில் விரலை வைத்தால் கிர்ரென்று அதிரும், உள்ளே ஒரு வண்டை விட்டுத் தைத்த மாதிரி. ஏழு கையிலும் ஏழு வண்டு. கண்ணைக் கட்டிவிட்டு விரலை வைக்கச் சொன்னால் எது யார் வண்டு என்று அவன் சொல்லிவிடுவான். ஒருமுறை பந்தயம் வைத்து ஏழையும் சொல்லி, எட்டாவதாகக் கையை நீட்டிய டாக்டரை, உங்களுக்குள்ளே வண்டு செத்துப்போச்சு சார் என்று திருப்பி அனுப்பியிருக்கிறான். தனபாக்கியத்தின் கையில் ஊசிக்கென்றே இரண்டு துளை இருக்கிறது, சட்டைப் பொத்தான் துளை மாதிரி. ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே சாய்வில் பத்துப் பன்னிரண்டு முறை குத்தக் குத்த, உள்ளே ஒரு பாதை விழுந்துவிடும். அப்புறம் வலி இல்லை, ஊசி தன் வீட்டுக்குப் போகிற மாடு மாதிரி தானாக உள்ளே போகும். ஆனால் அந்தப் பாதை போட்டவனின் மணிக்கட்டுக்குத்தான் பணியும். வேறொருத்தர் வந்து கொஞ்சம் சாய்த்துக் குத்தினால் பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு பொய்ப்பாதை விழும், கை நீலம் பாரித்து வீங்கும். புதிய கை ஒன்று பழைய கையைப் பார்த்துப் பார்த்துப் பழகப் பத்துப் பன்னிரண்டு முறை வேண்டும். முப்பது நாளில் திங்களும் புதனும் வெள்ளியும் பதின்மூன்று. காலை ஷிப்ட் மரியசெல்வி சிஸ்டரை அடுத்த முறையிலிருந்தே பக்கத்தில் நிறுத்திக்கொண்டால், பன்னிரண்டு போக ஒன்று மிச்சமும் இருக்கிறது. இந்தக் கணக்கைப் பதினோரு நாளில் முந்நூறு தடவை போட்டுவிட்டான். ஒரு தடவைகூட விடை மாறவில்லை. சட்டம் எழுதினவனுக்கு வண்டு தெரியாது, துளை தெரியாது, இருந்தும் எப்படியோ சரியான எண்ணைப் போட்டு வைத்திருக்கிறான். அப்படியானால் தடை கையில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது.

எங்கே என்று அவனுக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஐந்தாவது நாற்காலியின் பிரஷரைப் பார்த்துக் குறித்துக்கொண்டான், நூற்றிமுப்பதுக்கு எண்பது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தா இதே வார்டில் நர்ஸ். அவள் மஸ்கட்டுக்குப் போகிற செய்தியை அவனிடம் சொன்னது அவள் இல்லை. அப்போது மூன்றாம் நாற்காலியில் இருந்த பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி. திங்கட்கிழமை, ஊசியை அவர் கையில் பாதி இறக்கியிருக்கிறான், அண்ணாச்சி மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டே, வீட்டுக்காரி மஸ்கட் போனபிறகு ஒமக்குச் சோத்துக்கு என்ன வழி வே என்று கேட்டார். அவன் கை ஒரு நூல்கூட ஆடவில்லை. ஆடியிருந்தால் நல்லது, ஒரு சொட்டு ரத்தமாவது சாட்சிக்கு வந்திருக்கும். பார்த்துக்கலாம் அண்ணாச்சி என்று எல்லாம் தெரிந்தவன் மாதிரி சொல்லிவிட்டு, ஊசியின் பிளாஸ்டிக் இறக்கையைத் தோலோடு ஒட்டினான். பிறகு விசாரித்தால் வார்டில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருத்தரிடமும் தனித்தனியாகப் போய் நின்று, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அவனிடம் சொன்னது வெள்ளிக்கிழமை சாயங்காலம், மீன் அலசிக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு. நாலு நாள். நோயாளிகளுக்கு முப்பத்திரண்டு நாள் நோட்டீஸ், தாலி கட்டினவனுக்கு இருபத்தெட்டு. அந்த நாலு நாள் பல்லிடுக்கில் மாட்டின நெத்திலி முள் மாதிரி ஐந்து வருஷமாக இருக்கிறது, நாக்கு போய்ப் போய் அதைத் தொடுகிறது. ஏன் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே என்கிற பயம். பதில் இல்லாதவரைக்கும் அது கோபம். பதில் வந்துவிட்டால் அது என்னவாகும் என்று அவனுக்குத் தெரியாது.

முள்ளைத் தொட்ட நாக்கு அங்கேயே நிற்பதில்லை, அவள் கைக்கு ஓடும். யாரைத் தொடுவதற்கு முன்னாலும் ஜெசிந்தா இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். ஏசி வார்டில் நர்ஸ் கை பாம்பு மாதிரி இருந்தால் நோயாளிக்குப் பாதி உயிர் அப்போதே போய்விடும் என்பாள். மெஷின் அலறினால் அதே சுதியில் முனகிக்கொண்டே வந்து நிறுத்துவாள், எது மெஷின் எது அவள் என்று தெரியாமல் அண்ணாச்சி குழம்புவார். உறங்கும்போது அவளுக்கே தெரியாமல் அவன் வலது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்துக்கொண்டிருப்பாள். முதல் மாசம் அவனுக்குத் தூக்கம் வரவில்லை, எண்ணுகிறாளோ என்று பயம். அப்புறம் அந்த இரண்டு விரல் இல்லாமல் தூக்கம் வரவில்லை. அவள் போன பிறகு இடது கை வாட்சை வலது கைக்கு மாற்றி, வாரை ஒரு துளை இறுக்கிக் கட்டிக்கொண்டான். கேட்டவர்களிடம் ஊசி போட வசதி என்றான். வசதி ஒன்றும் இல்லை, வாட்சு இடிக்கத்தான் செய்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் அப்பா அடக்கத்துக்கு வந்து பத்தொன்பது நாள் இருந்தாள். தன் அடுக்களையிலேயே நின்றுகொண்டு உப்பு எங்கே இருக்கு என்று கேட்டாள். அவன் எடுத்துக் கொடுத்தான். அதுதான் அந்தப் பத்தொன்பது நாளில் அவனுக்கு ஞாபகம் இருப்பது, உப்பு டப்பா கை மாறினது. இப்போது போனில் தினமும் காலை ஐந்தரைக்கு, அவள் டியூட்டிக்குக் கிளம்புகிற முன்னால், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீ, ம், வெயிலா, வெயில்தான். பதினோரு நாளைக்கு முன்னால் மட்டும் அந்த வரிசை மாறிற்று. பேப்பர் எல்லாம் வந்துட்டு, இங்கயே டயாலிசிஸ்ல ஒனக்குப் பேசி வச்சிருக்கேன், அங்க முறையா ரிலீவ் ஆகி வரணும் என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவ வரலன்னா நான் இனிமே கேக்க மாட்டேன் என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. பிரஷர் எவ்வளவு என்று சார்ட்டில் எழுதுகிற குரல். அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். ஜெசிந்தா எழுதின எண்ணை அடித்துத் திருத்தினதே கிடையாது.

நாலாம் மெஷின் கூப்பிட்டது. போய்ப் பார்த்தால் கோயில்பிச்சை கையை மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறார். குழாயை நீவிவிட்டு நிமிர்வதற்குள், ஓசூரிலிருந்து என்ன சேதி என்று கேட்டுவிட்டார். இந்த வார்டில் ஒரு பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை வாரேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர் திங்கட்கிழமை வராமல் போவார். வரவே மாட்டார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதை உள்ளபடி சொன்னால் அவர் பிரஷர் இறங்கிவிடும், மெஷினை நிறுத்தவேண்டி வரும். அதனால் யார் போனாலும் ஊர் மாறிப் போய்விட்டார் என்று சொல்லவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மற்றவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஞானதிரவியத்துக்கு அது பத்தாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மாசிலாமணியை அவன் ஓசூரில் மகன் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். சும்மா இருக்க மாட்டாரே என்று கோயில்பிச்சை கேட்டதும் பத்து வாத்து வாங்கிக் கொடுத்தான். குளிர் ஊரில் வாத்து இரண்டு மஞ்சள் கரு முட்டையாகப் போட்டது, பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து வாங்கினார்கள். அப்புறம் குடியிருப்போர் சங்கத்துத் தலைவரானார், தண்ணீர் லாரிக்காரனோடு தகராறு, போலீஸ் வரைக்கும் போய் இவர் பக்கமே தீர்ப்பாயிற்று. கண் ஆபரேஷனும் முடிந்தது. செத்த பிறகு மாசிலாமணி வாழ்ந்த மாதிரி உயிரோடு இருக்கிற எவனும் வாழ்ந்ததில்லை. இப்படி ஒன்பது பேரை ஒன்பது ஊரில் குடிவைத்திருக்கிறான். மேலப்பாளையத்தில் ஒருத்தர் புறா வளர்க்கிறார், ஒருத்தி மும்பையில் பேரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். பரமார்த்தலிங்கம் அண்ணாச்சி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஏஜென்சி. ஜெசிந்தா கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போன ஏழு பேரும் அப்படித்தான் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். இந்த வார்டில் ஐந்து வருஷம் என்பது பெரிய காலம். இப்போது படுத்திருக்கிறவர்களில் ஜெசிந்தாவைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. இன்றைக்கு வாத்துக்குச் சளி, மாசிலாமணி மிளகு ரசம் வைத்துக் கொடுக்கிறார் என்றான். கோயில்பிச்சை திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

மாசிலாமணி எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, செருப்பை மாட்டும்போது ஒரு கால் மாறிப்போய்ச் சிரித்தார், அவ்வளவுதான் நோட்டீஸ். ஒருத்தரும் முப்பது நாள் கொடுத்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் மட்டும் நின்று, நான் இன்ன தேதியில் போகிறேன், என் சொந்தக் காலில், விமானத்தில், மனைவியைப் பார்க்க, என்று எப்படிச் சொல்வது. போன வாரம் யோசனை கேட்டபோது, சொல்லாமலே போய்விடு என்றான் மச்சினன். முப்பதாம் நாள் காலையில் சொல்லு, அதுவரைக்கும் மேனேஜருக்கு மட்டும் தெரியட்டும், அழுகை ஆரவாரம் மிச்சம். அப்படியானால் ஜெசிந்தா அன்றைக்குச் செய்தது சரியாகிவிடும், அல்லது தப்பாகிவிடும், எதுவென்று பார்க்க மனசு திரும்பினபோது இரண்டாம் மெஷினில் திரவம் தீர்ந்துபோய் மாற்றவேண்டியிருந்தது. மூணரை. போய்ச் சேர்ந்து அங்கே என்ன பேசுவது. விமான நிலையத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள், எந்தப் பக்கம் நிற்பாள், தலைமுடி எப்படி இருக்கும், போட்டோவில் இருக்கிற நெற்றி அவள் நெற்றியா. சாப்பிட்டியா என்று கேட்பாள். ஐந்து வருஷத்தைக் கடந்து போய் நேரில் நின்று சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்புறம்? உப்பு எங்கே என்று இந்தத் தடவை அவன் கேட்க வேண்டும். அவள் கை அவன் மணிக்கட்டுக்கு வருமா, வந்தால் எண்ணிக்கை தப்புமா. போகாமல் இருந்தால் குறைந்தபட்சம் அந்த இரண்டு விரலும் அப்படியே இருக்கும், அவன் வைத்த இடத்தில், வாட்சுக்கு அடியில். ஓசூரில் வாத்து இருக்கிற மாதிரி. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. உடனே வாட்டர் லைனைச் சரிபார்க்கப் போனான். அதில் ஒரு கோளாறும் இல்லை.

தனபாக்கியம் அக்கா வந்ததிலிருந்து கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம், அதில் பாதி டிரங்கு கால் காலத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மெட்ராசையும் கொழும்பையும் கோர்த்துவிட்டவள். புருஷன் பெண்டாட்டியிடம் பொய் சொல்வது, வியாபாரி வியாபாரியிடம் பொய் சொல்வது எல்லாம் அவள் காது வழியாகத்தான் போயிற்று. பொய் சொல்கிறவன் சொல்வதற்கு முன்னால் அரை மூச்சு கூடுதலாக எடுப்பான் என்பது அவள் கண்டுபிடிப்பு. மாசிலாமணியின் வாத்தை அவள் முதல் முட்டையிலேயே கண்டுகொண்டாள், ஆனால் காட்டிக்கொடுத்ததில்லை. கதை நல்லா இருந்தா லைனை எதுக்குல கட் பண்ணணும் என்பாள். வார்டில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. மத்தியானம் சட்டைப் பையைப் பார்த்து, யாருக்குக் காதல் கடுதாசி என்று ஒரு தடவை கிண்டினாள். அவன் சிரித்துத் தப்பித்தான். அப்புறம் எல்லாத் திங்கட்கிழமையும் போல வாயை மூட முடியாமல் ஜெசிந்தா கதை ஒன்றை எடுத்துவிட்டான். பால்கனிக்கு ஒரு பூனை வருகிறதாம், அரபிப் பூனை, பாலைத் தொடாது, பேரீச்சம்பழம் மட்டும் தின்னும். மற்ற எதற்கும் எதிர்க்கேள்வி போடுகிற தனபாக்கியம் ஜெசிந்தா பேச்சு வந்தால் மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. எப்ப வருவா என்று இந்த வார்டில் யாருமே கேட்டதில்லை. நல்லா இருக்கட்டும்ல என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாலரை. தனபாக்கியம்தான் முதலில் ஏறினவள், முதலில் இறங்க வேண்டியவளும். ரத்தத்தைத் திரும்ப உள்ளே விட்டு, ஊசி இரண்டையும் உருவி, பஞ்சுத்துணியை மடித்துத் துளைகளின் மேல் வைத்து விரலால் அமுக்கினான். இப்படியே பத்து நிமிஷம், சில நாள் பதினைந்து. இறுக்கி அமுக்கினால் வண்டு செத்துப்போகும், லேசாக அமுக்கினால் ரத்தம் சுவர் வரைக்கும் பாயும். ஐந்து வருஷமாக அவன் பிடித்திருக்கிற கைகள் இவைதான், ஆளுக்குப் பத்து நிமிஷம். வேறு யாருடைய தோலின் சூடும் அவன் விரலுக்கு மறந்துபோயிற்று. சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தைந்து. இந்தக் கையை விட்டதும் இரண்டாம் நாற்காலி, அப்புறம் மூன்றாவது, அப்புறம் ஐந்து அடித்துவிடும், ஆபீஸ் பூட்டிவிடும், எல்லாம் அவனைக் கேட்காமலே முடிந்துபோகும், பதினோரு நாளும் அப்படித்தானே முடிந்தது. அவன் நினைக்கவில்லை, வாய்தான் திறந்தது. "யக்கா, நான் மஸ்கட் போறேன். ஜெசிந்தா கிட்டப் போறேன்."

தனபாக்கியம் அவன் முகத்தை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு சும்மா இருந்த வலது கையால் அவன் மணிக்கட்டை வாட்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிகிற பிடி.

"கோட்டிக்காரப் பயலே. அவ போயி அஞ்சு வருசம் ஆச்சு. போனவுக பின்னாலயே போறதுன்னா இந்த வார்டுல ஒரு ஆளு மிஞ்சுவமா? என்னமும் சீக்குக் கண்டிருக்கா ஒனக்கு? எந்த டாக்டர்ட்ட காட்டுன?"

அவனுக்கு விளங்கவில்லை. சீக்கு ஒன்றுமில்லை, விசா வந்திருக்கிறது என்றான். அவள் தலையை ஆட்டினாள், அழுகிற குழந்தைக்கு ஆட்டுகிற மாதிரி. விசா வரும்ல, எல்லாருக்கும் வரும், அதுவா வரட்டும், நீயா போய் வாங்காத என்றாள். யக்கா, அவ உசுரோட இருக்கா என்றான். குரல் கொஞ்சம் கூடிவிட்டது, கோயில்பிச்சை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மறுபடி மூடிக்கொண்டார்.

"எப்பிடி," என்றாள் தனபாக்கியம், மெதுவாக. "நம்ம மாசிலாமணி அண்ணன் இருக்காருல்லா, அப்பிடியா?"

மற்ற ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன, ஆனால் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. இத்தனை நாளாக இந்த வார்டு ஜெசிந்தாவைப் புதைத்து வைத்திருக்கிறது. அவன்தான் குழி தோண்டியிருக்கிறான். ஊர் மாறிப் போனவர்களின் சேதியைத் திங்கட்கிழமை தோறும் சொல்கிறவன், அதே நாற்காலியில் சாய்ந்து, அதே குரலில், என் வீட்டுக்காரி மஸ்கட்டில் இருக்கிறாள், பூனை வளர்க்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். எப்ப வருவா என்று யாரும் கேட்காதது அக்கறையின்மை இல்லை, அத்தனையும் இரக்கம். சிரிக்கப் போனான், முடியவில்லை. ஏனென்றால் தனபாக்கியத்தின் காதில் குற்றமில்லை. அந்த அரை மூச்சை அவன் எடுக்கத்தான் செய்தான். பேரீச்சம்பழம் தின்கிற பூனை ஏது. போனில் சாப்பிட்டியாவுக்கு மேல் ஒன்றும் இல்லாததால் பூனையை அவன்தான் உண்டாக்கினான், பால்கனியையும் அவன்தான் கட்டினான். போன மாசம் அவள் வாங்கின குக்கர், மலையாளத்துக்கார அறைத்தோழி, ஒட்டகம் குறுக்கே வந்து நின்ற பஸ், எல்லாம் ஓசூர் சரக்கு. செத்தவர்களுக்குச் செய்கிற அத்தனையையும் உயிரோடு இருக்கிற ஒருத்திக்குச் செய்து வைத்திருக்கிறான். அவள் அங்கே உண்மையில் என்ன செய்கிறாள், ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், யாருடைய மணிக்கட்டில் விரலை வைத்து உறங்குகிறாள், தலையணையிலா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கேட்கவில்லை.

"போனைப் போடு," என்றாள் தனபாக்கியம். "நான் கேக்கேன்."

அமுக்கின விரலை எடுக்க முடியாது. அவளே வலது கையால் அவன் பையில் துழாவி, கடுதாசியை மடியில் போட்டுவிட்டுப் போனை எடுத்து நீட்டினாள். இடது கையால் அழுத்தினான். காலை ஐந்தரையைத் தவிர அவன் அந்த எண்ணைக் கூப்பிட்டதே இல்லை. மணி போயிற்று, போயிற்று. தனபாக்கியம் போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கி, எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரி முதுகை நிமிர்த்தினாள். எடுத்தாயிற்று என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு குரல் பதறிக்கொண்டு என்னவோ கேட்டது, யாருக்கு என்ன ஆச்சு என்றுதான் இருக்கும், அந்த நேரத்துப் போன் என்றால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். தனபாக்கியம் பதில் பேசாமல் அந்த மூச்சைக் கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு போனின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இருக்காடே என்றாள். அவள் மூக்கு நுனி சிவந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு உள்ளே பார்த்துச் சொன்னாள்: "ஒண்ணுமில்ல தாயி, தூத்துக்குடிதான். ஒம் மாப்பிள்ளை ஒங்கிட்ட வாரேங்கான். எத்தன நாளு முன்னால சொல்லணும்னு தெரியாம இங்க நின்னு முழிக்கான்." சொல்லிவிட்டுப் போனை அவன் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகினாள்.

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கதவு மூடிற்று, யாரோ ஒரு பெண் வேற்றுப் பாஷையில் சிரித்தாள். மஸ்கட்டில் ஒரு கதவு இருக்கிறது. ஒரு பெண் இருக்கிறாள். அவன் உண்டாக்காதது.

"எங்கிட்டச் சொல்லுததுக்கு முன்னால அவுங்ககிட்டயா சொன்ன?" என்றாள் ஜெசிந்தா.

ஆமாம் என்றான். சொன்னபிறகுதான் நாக்கு முள் இருந்த இடத்தைத் தேடிற்று. ஏன் என்று அவள் கேட்டிருந்தால் அவனால் சொல்ல முடியும். யக்காவிடம் சொன்னால் அது பேச்சு. உன்னிடம் சொல்லிவிட்டால் அப்புறம் போகவேண்டும். அதனால் முதலில் இவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன், குரல் வருகிறதா என்று. மீன் அலசிக்கொண்டிருந்த அந்த முதுகு, நாலு நாளாகத் திரும்ப முடியாமல் நின்ற முதுகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்கு முன்பக்கத்திலிருந்து தெரிந்தது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சினாள். மெஷின் சுதியில் ஒரு சின்ன முனகல், அது சிரிப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை, தனபாக்கியத்திடம் கொடுத்துக் கேட்டால் சொல்வாள்.

தனபாக்கியம் அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. கடிகாரம் நாலு நாற்பத்தெட்டு. தன் வலது கைக் கட்டைவிரலைப் பஞ்சுத்துணியின் ஓரத்தில் கொண்டுவந்து வைத்தாள். "விரலை எடுல. நானே அமுக்கிக்கிடுதேன். எங்கை எனக்குத் தெரியாதா." அவன் எடுக்க எடுக்க அவள் விரல் அடியில் புகுந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை. கொஞ்சம் இறுக்கமாகத்தான் பிடித்திருந்தாள், தளர்த்துங்க என்று சொல்லப்போனான், அதற்குள் அவளே விரலுக்கடியில் வண்டைத் தேடிக் கேட்டு, தளர்த்திக்கொண்டாள். இரண்டாம் நாற்காலிக்கு இன்னும் பத்து நிமிஷம் ஓட வேண்டும். அவள் மடியிலிருந்த கடுதாசியை எடுத்துக்கொண்டான்.

படியில் பாதி இறங்கினபிறகுதான் கையுறையைக் கழற்றவில்லை என்பது தெரிந்தது. ஆபீஸ் அறைக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே மேனேஜர் டிபன் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே சுவரில் கடுதாசியை வைத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். போன் தோளில்தான் இருந்தது, தலையைச் சாய்த்தால் எண்ணுக்காக விட்ட கோடு சாய்ந்து தெரிந்தது. முப்பதுதானே போடணும் என்று கேட்டான். முப்பதுதான் என்றாள். சுவர் சொரசொரப்பு, பேனா ஓட்டை போட்டுவிடும் போல இருந்தது. அவன் மூச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"மெதுவா எழுது," என்றாள். "நான் போனை வைக்க மாட்டேன்."